பையில் இலைப் படம் போட்டிருந்தால் மக்கிவிடுமா?

சமையலறைக் கழிவை மக்கவைத்து உரமாக்கும் எங்கள் கூடத்தில், இந்த வாரத்தில் இது மூன்றாவது லோடு. லாரி கொட்டியதும் பார்த்தால் காய்கறித் தோலைவிடப் பைகள்தான் அதிகம். கழிவு ஓடும் பெல்ட்டை நிறுத்திவிட்டு நான்கு பேர் கையால் கிழித்துக் கிழித்து எடுத்தும் தீரவில்லை. கடைசியில் மொத்தமும் குப்பைக் கிடங்குக்குப் போனது. ஒழுங்காகப் பிரித்துப் போட்ட வீடுகளின் கழிவும் அதோடு சேர்ந்துதான் போனது.

உரக்கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கு எலும்போ ஊசிப்போன சாப்பாடோ தொல்லையே இல்லை. “அது மக்கும் பைதானே” என்கிறார்களே, அதுதான் தொல்லை.

“பயோடிகிரேடபிள்” என்று அச்சடித்திருந்தால் என்றைக்காவது சிதையும் என்று அர்த்தம், அவ்வளவுதான். எத்தனை நாளில், எந்தச் சூட்டில் என்று அந்த வார்த்தை சொல்வதில்லை. “ஆக்ஸோ” வகை இன்னும் மோசம். அது சாதாரண பிளாஸ்டிக்தான். சீக்கிரம் நொறுங்குவதற்கு மருந்து கலந்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிந்த பிளாஸ்டிக் தெரியாத பிளாஸ்டிக்காகிவிடும். பச்சை நிறத்தையும் இலைப் படத்தையும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

“கம்போஸ்டபிள்”, அதாவது உரக்குவியலில் மக்கக்கூடியது, என்பதற்குத்தான் அளவுகோல் உண்டு. ஐரோப்பாவில் இஎன் 13432, அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் டி6400. 12 வாரம் மக்கவிட்டு 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால், போட்டதில் 10 சதவீதத்துக்கு மேல் மிஞ்சக் கூடாது. ஆனால் அது உரக்கூடத்தின் சூட்டை, அதாவது 60 டிகிரியை ஒட்டிய சூட்டை, மனதில் வைத்துச் செய்யும் சோதனை. வீட்டுத் தோட்டத்துக் குழியில் அந்தச் சூடு நிலைத்து நிற்காது. எல்லாக் கூடங்களும் குவியலை அத்தனை வாரம் வைத்திருப்பதும் இல்லை. அதைவிட, பெல்ட்டில் ஓடும்போது முத்திரை வாங்கிய பையும் வாங்காத பையும் ஒரே மாதிரி ஈரமாக, கசங்கி வரும். நின்று படிக்க நேரம் ஏது? இரண்டையும் பிடுங்கி எறிகிறோம். அதனால் உங்கள் பகுதியில் குப்பை எடுப்பவர்கள் அந்தப் பையை ஏற்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். ஏற்காவிட்டால் செய்தித்தாளில் சுற்றிப் போடுங்கள். தாள் ஈரத்தையும் உறிஞ்சும், தானும் மக்கும்.

பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் உரித்துவிடுங்கள். தோல் போன இடம் தெரியாது. ஸ்டிக்கர் மட்டும் சல்லடைக் கண்ணில் மடங்கி நழுவி, கறுப்பு உரத்துக்கு நடுவே எண்கூட அழியாமல் பளிச்சென்று கிடக்கும்.

அப்புறம் புழு. தொட்டிக்குள் புழுவைக் கண்டதும் பிளீச்சை ஊற்றாதீர்கள், தயவுசெய்து. அது மக்கவைக்கும் நுண்ணுயிர்களையும் கொல்லும். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில்கூடப் பொரிந்துவிடும். சமையலறையில் மூடாமல் கிடந்தபோதே முட்டை வந்திருக்கும். மீன், இறைச்சி மிச்சங்களை லாரி வரும் நாள்வரை ஃப்ரீசரில் வையுங்கள். தொட்டியின் அடியில் அட்டையோ காய்ந்த இலையோ போடுங்கள். குழம்பையும் எண்ணெயையும் அப்படியே ஊற்றாதீர்கள். நீர் தேங்கினால் காற்று போகாது, நாற்றம்தான் வரும்.

கண்ணாடி, பேட்டரி, டயப்பர் வேண்டாம் என்று இன்னும் எழுதவேண்டியிருக்கிறதே! சந்தேகமாக இருக்கும் எதையும் மக்காத குப்பையில் போட்டுவிடுங்கள், பரவாயில்லை.

ஆங், ஸ்பூன் காணவில்லை என்று தேடுகிறீர்களா? எவர்சில்வர் ஸ்பூன்கள் பல காந்தத்தில் ஒட்டாது, கையால்தான் பொறுக்குகிறோம். எங்கள் அலுவலக ஜன்னலோரம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது.