திரையில் ஒரு தமயந்தி, முகப்புச் சுவரில் ஒரு தமயந்தி

காரைக்குடியில் பழைய படங்களைச் செப்பனிடுவது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, பூச்சி அரித்த படத்தைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கத்தான் என்னை அழைப்பார்கள். இப்போதோ, "இதே படம் எங்கள் வீட்டு ஸ்மார்ட் டிஸ்ப்ளேயில் வந்தது, இது எவ்வளவு போகும்?" என்ற கேள்வியே முந்திக்கொள்கிறது.

அண்மையில் ஓர் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். சிங்கப்பூரிலிருக்கும் மகன் வாங்கி வைத்த, சும்மா இருக்கும் நேரத்தில் ஓவியங்களை மாற்றி மாற்றிக் காட்டும் அந்தச் சிறு திரையில், சிவப்புச் சேலையில் நின்று அன்னத்தின் பேச்சைக் கேட்கும் தமயந்தி, ரவி வர்மாவின் ஓவியம், தோன்றியிருக்கிறது. ஐயா காலத்திலிருந்து அவர்கள் முகப்பில் தொங்குவதும் அதே தமயந்திதான். பேரன் சுவர்ப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து கூகுள் லென்ஸில் கொடுத்ததும், ரவி வர்மா வரைந்த ஹம்ச தமயந்தி, எண்ணெய் வண்ண ஓவியம் என்று விடை வந்துவிட்டது. "அப்போ இது அசல்தானே தம்பி?" என்றார் ஆச்சி.

லென்ஸ் பொய் சொல்லவில்லை. தனக்குக் காட்டிய உருவத்தை இணையத்திலுள்ள உருவங்களோடு ஒப்பிட்டு, நெருக்கமானதை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. எதிரே இருப்பது துணியா காகிதமா, தூரிகை வேலையா அச்சா என்பதை அது பார்ப்பதில்லை. 1899-இல் ரவி வர்மா தீட்டிய அந்த ஓவியம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தில் இருக்கிறது. 1894-இல் அவர் மும்பையில் தொடங்கிய அச்சகமோ, அவருடைய ஓவியங்களைக் கல்லச்சில் (லித்தோகிராஃப்) பல வண்ணங்களாக அச்சிட்டு, மேலே வார்னிஷ் பூசி, நாடெங்கும் விற்றது. செட்டிநாட்டில் 'ரவிவர்மா படம்' என்று என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை இத்தகைய அச்சுப் படங்களே.

பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியைத் தமயந்தியின் கன்னத்தில் வைத்து ஆச்சியையே பார்க்கச் சொன்னேன். தள்ளி நின்றால் வழுவழுப்பாகத் தெரிந்த கன்னம், இளஞ்சிவப்பும் மஞ்சளும் பழுப்புமான புள்ளிகளாகச் சிதறிக் கிடந்தது. தூரிகை இழுத்த தடம் எங்கும் இல்லை. அந்தப் புள்ளிகள் வரிசை பிசகாமல் அமைந்திருந்தால், அது பிற்கால ஆஃப்செட் இயந்திர அச்சில் வந்த மறுபதிப்பு என்று சொல்லியிருப்பேன். ஒழுங்கில்லாமல் இருந்ததால் பழைய கல்லச்சு என்று தெரிந்தது. சட்டத்தைக் கழற்றியபோது, அதற்குள் மறைந்திருந்த ஒரு விரல் அகல ஓரத்தில் படத்தின் தலைப்பும் அச்சகத்தின் பெயரும் அச்சாகியிருந்தன. சேலைக்கு யாரோ ஒருவர் சரிகையும் ஜிகினாவும் பொறுமையாகத் தைத்திருந்தார். திருவனந்தபுரத்தில் இல்லாத அந்த வேலைப்பாடு எனக்கு அசலைவிடச் சுவையானது என்றபோது, ஆச்சி என்னைச் சற்றுச் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

திரையில் வருவதை அடையாளம் காண வேண்டுமென்றால், ஓரத்தில் தெரியும் தலைப்பையும் ஓவியர் பெயரையும் முதலில் குறித்துக்கொண்டு, அந்த ஓவியத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் தளத்தில் அதன் அளவையும், எதில் எந்த வண்ணத்தால் வரையப்பட்டது என்பதையும் சரிபார்ப்பதே முறை. நீள்வாக்கிலான ஓவியம் அகலத் திரைக்காக வெட்டப்பட்டு, கையெழுத்துள்ள மூலை காணாமல் போயிருக்கலாம். கூகுள் நெஸ்ட் ஹப் போன்ற ஸ்மார்ட் டிஸ்ப்ளேக்கள் அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் நிறத்தையும் மாற்றிக்கொள்வதால், நிறத்தை வைத்து எதையும் ஒப்பிட வேண்டாம்.

அச்சை அசல் என்று நினைப்பதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. வேறொரு வீட்டில், கண்ணாடியின் பின்புறம் கையால் வரைந்த பழைய கிருஷ்ணர் படம் ஒன்று இருந்தது. இணையத்தில் அதன் சாயலில் எதுவும் கிடைக்காததால், மதிப்பற்றது என்று முடிவுகட்டி, தேக்குச் சட்டத்துக்கு மட்டும் விலை பேசிப் பழஞ்சாமான் கடைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒருவர் ஒரே ஒரு முறை வரைந்ததற்கு இணையத்தில் எப்படி ஜோடி கிடைக்கும்?

அதனால் இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விசாரிப்பவர்களிடம், முன்பக்கத்தோடு பின்பலகையையும், சட்டத்தின் நான்கு மூலைகளையும், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்து அனுப்பச் சொல்கிறேன். லென்ஸ் சொன்ன விடையை மட்டும் அனுப்ப வேண்டாம் என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.