மனதை அளந்த கடிகாரம்

நரம்பு வழியாகச் செய்தி போகும் வேகத்தை யாராலும் அளக்க முடியாது என்றுதான் 19ஆம் நூற்றாண்டின் பாதிவரை பெரிய உடலியல் அறிஞர்களே நம்பினார்கள், ஜெர்மனியின் யோஹானஸ் முல்லர் உட்பட. அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் ஒரு தவளையின் கால் நரம்பை எடுத்துக்கொண்டு, தசைக்குப் பக்கத்தில் ஓரிடத்திலும் கொஞ்சம் தள்ளி இன்னோரிடத்திலும் மின்சாரத்தால் தூண்டி, தசை சுருங்குவதில் வரும் தாமத வித்தியாசத்தைக் கணக்கிட்டார். விடை, விநாடிக்குச் சுமார் 27 மீட்டர். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

உளவியலின் கதையை வழக்கமாக 1879இல், லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கிய ஆய்வகத்திலிருந்து சொல்வார்கள். நான் அந்தத் தவளையிலிருந்துதான் தொடங்குவேன். நரம்புக்கே நேரம் பிடிக்கிறது என்றால் யோசிப்பதற்கும் நேரம் பிடிக்க வேண்டும், அப்படியானால் அதையும் அளக்கலாம் அல்லவா?

அளந்தவர் நெதர்லாந்தின் உடலியல் அறிஞர் டோண்டர்ஸ். 1860களில் அவருடைய ஆய்வகத்தில் ஒருவரின் காலில் லேசான மின் தூண்டல் கொடுத்து, அதே பக்கத்துக் கையை அசைக்கச் சொன்னார்கள். எந்தக் காலில் வரும் என்று முன்பே தெரிந்தால் ஒரு நேரம், தெரியாவிட்டால் அதைவிடக் கூடுதல். கூடுதலானது சுமார் 1/15 விநாடி. மற்ற எல்லாம் இரண்டு முறையும் ஒன்றுதான், ஆகவே கழித்தால் மிஞ்சுவது ‘இடதா வலதா’ என்று முடிவெடுக்க மனம் எடுத்துக்கொண்ட நேரம். எத்தனை எளிய யோசனை, ஆனால் அதற்குமுன் யாருக்கும் தோன்றவில்லை.

வுண்டின் மாணவர்கள் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டும் ‘ஹிப்’ என்ற கடிகாரத்தை வைத்துக்கொண்டு இந்தக் கழித்தல் முறையைத் தீவிரமாகப் பின்பற்றினார்கள். எண்கள்தான் ஆளுக்கு ஆள் மாறின. அப்புறம், வுண்டிடமே படித்த கூல்ப்பே அடிப்படையையே கேள்வி கேட்டார்: தேர்வு என்ற ஒரு படியைச் சேர்த்தால் மற்ற படிகள் அப்படியே இருக்கும் என்று யார் சொன்னது? பணி முழுவதுமே வேறாகிவிடாதா? நியாயமான கேள்வி.

கடிகாரம் பின்னுக்குப் போக, அகநோக்கு முன்னுக்கு வந்தது. பயிற்சி பெற்றவர் தன் மனதுக்குள் நடப்பதைத் தானே கவனித்துச் சொல்வதற்குத்தான் இந்தப் பெயர். வுண்ட் இதைக் கட்டுப்பாட்டோடுதான் பயன்படுத்தினார். அவரிடம் படித்து 1892இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போன டிச்சனர்தான், அனுபவத்தை அதன் கூறுகளாகப் பிரிப்பதே உளவியல் என்று சொல்லி அமைப்பியலைக் கட்டினார். அவரிடம் பயின்றவர்கள் எண்ணங்களுக்குள் பிம்பங்களை, அதாவது மனதில் தெரியும் படங்களைக் கண்டார்கள். கூல்ப்பேயின் வூர்ட்ஸ்பர்க் ஆய்வகத்தில் இருந்தவர்களோ பிம்பமே இல்லாத எண்ணங்களும் உண்டு என்றார்கள். யார் சரி? இன்னொருவர் மனதுக்குள் எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாதே. என் பார்வையில் அமைப்பியல் என்ற சிந்தனைப் பள்ளியை உடைத்தது இந்த முட்டுக்கட்டைதான்.

மனம் எதனால் ஆனது என்பதைவிட அது எதற்குப் பயன்படுகிறது என்று கேட்ட வில்லியம் ஜேம்ஸின் செயற்பாட்டுச் சிந்தனை அமெரிக்காவில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. 1913இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் இன்னும் ஒரு படி மேலே போய், உணர்வுநிலை, பிம்பம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராயுங்கள் என்றார். அதுதான் நடத்தையியல். (ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு வெளியே, நோயாளிகளோடு வளர்ந்தது. அது தனிக் கதை.)

வாட்சன் அப்படிச் சொன்னதற்கு முந்தைய ஆண்டுதான், 1912இல், ஜெர்மனியில் உளவியலாளர் வெர்ட்ஹைமர் இரண்டு கோடுகளை அடுத்தடுத்துக் காட்டினார். இடைவெளி சுமார் 200 மில்லி விநாடி என்றால் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும், 30 என்றால் ஒரே நேரத்தில் தெரியும், 60 வாக்கில் வைத்தால் ஒரே கோடு நகர்வதாகத் தெரியும். அந்த நகர்வு எந்தக் கோட்டிலும் இல்லை. கூறுகளாகப் பிரித்தால் முழுமை காணாமல் போகும் என்ற கெஸ்டால்ட் பள்ளி இங்கிருந்துதான் கிளம்பியது.

1960களில் கடிகாரம் திரும்பி வந்தது. 1966இல் சால் ஸ்டெர்ன்பர்க் சில இலக்கங்களை நினைவில் வைக்கச் சொல்லி, பிறகு ஓர் இலக்கத்தைக் காட்டி, அது பட்டியலில் இருந்ததா என்று கேட்டார். நினைவில் கூடும் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பதில் சுமார் 38 மில்லி விநாடி தாமதமானது. புதிய படி எதையும் சேர்க்காமல் இருக்கிற படியின் சுமையை மட்டும் கூட்டியதால், கூல்ப்பேயின் ஆட்சேபத்துக்கு இதில் இடம் குறைவு. 1971இல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும், வெவ்வேறு கோணங்களில் திரும்பிய கனசதுரங்களால் ஆன இரண்டு உருவங்கள் ஒன்றேதானா என்று கேட்டபோது, கோணம் கூடக் கூட நேரமும் நேர்கோட்டில் கூடியது. வாட்சன் விட்டுவிடச் சொன்ன அந்த மனப்பிம்பத்தை மனிதர்கள் விநாடிக்குச் சுமார் 60 டிகிரி வேகத்தில் சுழற்றிக்கொண்டிருந்தார்கள்.