நோயே இல்லாத இடத்தில் என்ன ‘நோய் எதிர்ப்பு சக்தி’?

கடலூர் பேருந்து நிலையத்துப் பக்கம் சாறு விற்கிற தள்ளுவண்டியில் ‘நோய் எதிர்ப்பு சக்தி தரும்’ என்று எழுதியிருந்தால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். வியாபாரம், பிழைத்துப் போகட்டும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்குக் கொடுக்கும் அறிவுரைத் தாளில், டாக்ரோலிமஸ் மாத்திரைக்கு நேராக ‘நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து’ என்று அச்சடிக்கிறார்களே, அதைத்தான் சகிக்க முடியவில்லை. புதுச்சேரியில் என் கைக்கு வந்த தாளிலும் அதே வரி. வீட்டுப் பெரியவர் படித்தால் என்ன நினைப்பார்? சக்தியைக் குறைக்கிற மாத்திரையா, ரெண்டு நாள் விட்டால்தான் என்ன, கூடவே கபசுரக் குடிநீர் கொஞ்சம் குடி என்பார். அப்படி விட்டால் மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடம்பே தாக்கி, அது போய்விடும்.

‘நோய் எதிர்ப்பு சக்தி’ என்று நாம் பெயர்த்திருக்கும் ஆங்கில ‘இம்யூனிட்டி’க்கு மூலச்சொல் லத்தீன் ‘இம்யூனிஸ்’. வரி, ஊழியம் முதலிய கடமைகளிலிருந்து விலக்குப் பெற்றவர் என்று பொருள்; நம் கல்வெட்டுகளில் வரும் ‘இறையிலி’ கிட்டத்தட்ட அதுதான். அம்மை ஒருமுறை கண்டவருக்கு மறுபடி வராது என்பதால், நோயிலிருந்து விலக்கு என்று மருத்துவத்துக்குள் வந்தது. அதுவரை ‘நோய்’ ஒட்டிக்கொண்டதில் தப்பில்லை.

1940களில் சங்கதி மாறியது. இரண்டாம் உலகப் போரில் தீக்காயம் பட்டவர்களுக்குப் பிறர் தோலை ஒட்டினால் ஏன் நிற்பதில்லை என்று பிரிட்டன் விஞ்ஞானி பீட்டர் மெடவார் ஆராய்ந்தார். விருத்தாசலத்து முந்திரி ஒட்டுக்கன்றுக்குச் சொல்கிற அதே ஒட்டுதான். கன்று ஏற்றுக்கொள்கிறது, உடம்பு ஏற்பதில்லை. முதலில் தோல் கொடுத்தவரின் தோலையே இரண்டாம் முறை ஒட்டியபோது இன்னும் வேகமாக உதிர்ந்தது. உடம்பு அதை ஞாபகம் வைத்திருக்கிறது! அந்தத் தோலில் நோயும் இல்லை, கிருமியும் இல்லை. அயலாருடையது, அவ்வளவுதான் குற்றம். 1953இல் மெடவார் தம் சகாக்கள் பில்லிங்காம், பிரென்ட் இருவருடன் சேர்ந்து, கருவிலிருக்கும் எலிக்குள் வேறோர் எலியினத்தின் செல்களைச் செலுத்தினார். வளர்ந்தபின் அந்த இனத்தின் தோலை அது ஏற்றுக்கொண்டது. 1960இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி பர்னெட்டோடு மெடவார் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆக, இந்த ஆற்றலின் வேலை தன்னையும் அயலையும் பிரித்தறிவது. நோயை எதிர்ப்பது அதில் ஒரு பகுதி. சொல்லோ அந்தப் பகுதியை மட்டும் சுமக்கிறது. அது போதாதென்று ‘சக்தி’ வேறு. சக்தி என்றாலே நமக்குக் கூட்டத்தான் தோன்றும். கூடினால் ஆபத்து என்று அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யாருக்கும் புரியவைக்க முடியாது. இந்த வேலையைச் செய்யும் வெள்ளணுக்களில் ஒருவகையான டி செல்களுக்கு வந்தால் இன்னும் கோளாறு. (‘டி’ என்பது தைமஸ் சுரப்பியின் முதலெழுத்து.) அவற்றில் ஒருவகை, மற்ற செல்கள் சொந்த உடம்பையே தாக்காமல் அடக்கி வைக்கிறது. 2025இல் பிரங்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி மூவருக்கும் நோபல் அதற்காகத்தான். நம் மொழிபெயர்ப்பில் அது ‘நோய் எதிர்ப்பு சக்தியைத் தடுக்கும் செல்’ ஆகிவிட்டால், காவல்காரன் திருடனாகிறான்.

மாற்றுச் சொற்கள் இல்லாமலில்லை. ‘ஏமம்’ என்கிறார்கள் தனித்தமிழ் அன்பர்கள். குறளின் ‘ஏமப்புணை’யில் இருக்கிற நல்ல பழஞ்சொல், ஓசையும் பொருந்துகிறது. ஆனால் ஜிப்மர் மருத்துவமனை வாசலில் நிற்பவரிடம் ஏமம் என்றால், யார் ஏமாந்தது என்று கேட்பார். இலங்கையில் ‘நிர்ப்பீடனம்’: வடமொழி, பல்லில் சிக்கும், ஆனாலும் நோயை இழுக்கவில்லை, அந்த மட்டில் சரி. நம் பாடநூலின் ‘நோய்த்தடைக்காப்பு’ பழைய குற்றத்தையே நீட்டி எழுதுகிறது.

நோயையும் சக்தியையும் வெட்டிவிட்டு ‘எதிர்ப்பாற்றல்’ என்றால் போதும் என்பது என் கட்சி. மருந்துக்கு ‘எதிர்ப்படக்கி’. அந்த மாத்திரை சாப்பிட்டால் தொற்று சுலபமாக வருமே, அப்போது பழைய சொல்லும் சரிதானே என்று ஒரு மருத்துவ நண்பர் மடக்கினார். வரும்தான். அது பக்கவிளைவு, தனி வரியில் எச்சரிக்கையாகப் போடுங்கள். தாளின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: ‘புதுச் சிறுநீரகத்தை உங்கள் உடம்பு தாக்காமல் இருக்க இந்த மாத்திரை. மருத்துவர் சொல்லாமல் ஒருவேளைகூட விடாதீர்கள்.’