வகாஷியோ: கோபம் கேப்டனோடு நின்றுவிடக் கூடாது

வகாஷியோ கப்பலைப் பற்றிப் பேச்செடுத்தால் மொரீஷியஸில் இன்றைக்கும் முதலில் வருவது அந்தப் பிறந்தநாள் விருந்துதான். கப்பலில் பார்ட்டி நடந்தது, போனுக்கு சிக்னல் கிடைக்கக் கரைக்குப் பக்கத்தில் வந்தார்கள், பாறையில் ஏற்றிவிட்டார்கள். விசாரணைகளில் வெளிவந்த விஷயம்தான், பொய்யில்லை. நான் தமிழ்நாட்டில் படித்துவிட்டு போர்ட் லூயிஸில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். மீனவர்கள், படகுக்காரர்கள் கொண்டுவரும் இழப்பீட்டு விண்ணப்பங்களோடு பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதை கேப்டனோடு முடிந்துபோனால் கப்பல் முதலாளிக்கு அது பெரிய வசதி. அதைப் புரிய வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலை 25 இரவு, சரக்கு ஏற்றாமல் பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்த 300 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று தீவின் தென்கிழக்கில் புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பவளப் பாறையில் ஏறி நின்றது. அதன் தொட்டிகளில் ஏறத்தாழ 3,900 டன் எரிஎண்ணெய் இருந்தது. பன்னிரண்டு நாள் அங்கேயே அலையில் அடிபட்டுக் கிடந்தது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் வெளியே வந்தது. மறுநாள் அரசு சுற்றுச்சூழல் அவசரநிலை அறிவித்தது. மீதியைப் பெரும்பாலும் உறிஞ்சி எடுத்துவிட்டார்கள் என்றாலும் சுமார் 1,000 டன் கடலில் கலந்துவிட்டது. ஆகஸ்ட் 15 அன்று கப்பல் இரண்டாக உடைந்தது.

இடம்தான் கொடுமை. ஒரு பக்கம் ப்ளூ பே கடல் பூங்கா, இன்னொரு பக்கம் புவாந்த் தெஸ்னி சதுப்பு நிலம். இரண்டுமே உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் உள்ளவை. பக்கத்திலேயே எக்ரெட் தீவு. வேறெங்கும் இல்லாத இளஞ்சிவப்புப் புறாவைக் காப்பாற்றி வளர்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

அரசுக்காகக் காத்திருக்காமல் மக்கள் இறங்கினார்கள். மாயேபூர் கடற்கரையில் கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தைத்து, பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டி மிதவைத் தடுப்பு செய்தார்கள். தலைமுடியை வெட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. தமிழர், க்ரியோல், முஸ்லிம், போஜ்புரிக்காரர் என்று யாரும் பார்க்கவில்லை. பன்னிரண்டு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற கேள்வியோடு ஆகஸ்ட் 29 அன்று போர்ட் லூயிஸ் தெருக்களில் பல்லாயிரம் பேர் கறுப்பு உடையில் நடந்தார்கள். செப்டம்பர் 12 அன்று மாயேபூரிலும் கூட்டம் திரண்டது. அந்தக் கோபத்தில் ஒரு துளிகூடத் தப்பில்லை என்பது என் எண்ணம். ஆனால் பணம் தீர்மானமாகும் இடம் வேறு. அந்த இடத்துக்கு இந்தக் கோபம் சரியாகப் போய்ச் சேரவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

யார் பொறுப்பு என்று கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. கப்பல் ஜப்பானின் நாகஷிகி ஷிப்பிங்குக்குச் சொந்தம், பதிவு அதன் துணை நிறுவனமான ஓக்கியோ மாரிடைம் பெயரில். வாடகைக்கு எடுத்தது மிட்சுயி ஓ.எஸ்.கே. லைன்ஸ். கொடி பனாமாவுடையது. கேப்டன் இந்தியர். மாலுமிகள் இந்தியா, இலங்கை, பிலிப்பைன்ஸ் நாட்டவர்கள். இதில் கைது செய்து சிறையில் போடக் கூடிய தூரத்தில் இருந்தவர்கள் கடைசியில் சொன்னவர்கள்தான். கேப்டனுக்கும் முதன்மை அதிகாரிக்கும் 2021 டிசம்பரில் மொரீஷியஸ் நீதிமன்றம் 20 மாதச் சிறை விதித்தது.

சரி, இழப்பீட்டுக்கு வருவோம். டாங்கர் கப்பல் சரக்காகச் சுமந்து வரும் எண்ணெய் கொட்டினால் அதற்கென்று தனி ஏற்பாடு இருக்கிறது. முதலாளியின் காப்பீடு போதாவிட்டால், எண்ணெய் இறக்குமதி செய்யும் கம்பெனிகள் பணம் போட்டு வைத்திருக்கும் ஒரு சர்வதேச நிதி மீதியைக் கொடுக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு விபத்துக்கு 20.3 கோடி எஸ்.டி.ஆர். வரை, அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 28 கோடி டாலர் வரை கிடைக்கலாம். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியம் கணக்குக்கு வைத்திருக்கும் அலகு. 2020-ல் ஒன்று ஏறக்குறைய 1.4 டாலர்.

வகாஷியோ டாங்கர் இல்லை. கொட்டியது கப்பல் தன் எஞ்சினுக்கு வைத்திருந்த எண்ணெய், பங்கர் என்பார்களே அது. கடலுக்கும் மீனுக்கும் இந்த வித்தியாசம் தெரியாது, சட்டத்துக்குத் தெரியும். இதற்கு 2001-ன் பங்கர் உடன்படிக்கைதான் பொருந்தும். அதில் அந்தப் பெரிய நிதி கிடையாது. முதலாளியும் அவருடைய காப்பீட்டுக் கழகமும் மட்டும்தான். அவர்கள் கொடுக்க வேண்டிய தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பைக் கப்பலின் டன்னேஜை, அதாவது கப்பல் எவ்வளவு பெரியது என்பதை, வைத்துக் கணக்கிடுகிறார்கள். எத்தனை பேர் பிழைப்பு போனது, எவ்வளவு அலையாத்திக் காடு கருகியது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

வகாஷியோவின் மொத்த டன்னேஜ் 1,01,932. கப்பல் முதலாளிகளின் பொறுப்புக்கு வரம்பு வைக்கும் 1976-ம் ஆண்டு உடன்படிக்கையின் அட்டவணையில் போட்டால் சுமார் 1.27 கோடி எஸ்.டி.ஆர். வருகிறது, ஏறத்தாழ 1.8 கோடி டாலர். அதே கப்பலை, அந்த உடன்படிக்கையைத் திருத்திய 1996 நெறிமுறையின், 2015-ல் உயர்த்தப்பட்ட அட்டவணையில் போட்டால் சுமார் 4.6 கோடி எஸ்.டி.ஆர்., ஏறத்தாழ 6.5 கோடி டாலர். அட்டவணை பொதுவில் இருக்கிறது, பெருக்கல் தெரிந்த யாரும் போட்டுப் பார்க்கலாம். ஜப்பான் இரண்டாவதில் சேர்ந்த நாடு. விபத்து நடந்தபோது மொரீஷியஸ் முதலாவதிலேயே நின்றிருந்தது. பழைய காகிதத்தைப் புதுப்பிக்காமல் விட்டதற்கு ஒரு தீவு கொடுக்கக் கூடிய விலை இது. ஊர்வலத்தில் நடந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமைதான் வரும்.

வரம்பு என்று வந்துவிட்டால் அந்தத் தொகையை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சுத்தம் செய்த செலவைக் கேட்கும் அரசு, ஹோட்டல், படகுக்காரர், மீனவர் எல்லோரும் ஒரே வரிசை. எல்லோரும் கேட்கும் தொகை அந்த வரம்பைப் போல மூன்று மடங்கு என்றால் ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு பங்குதான்.

அந்த வரம்பை உடைக்கவே முடியாதா? முடியும், ஆனால் வாசல் ரொம்பக் குறுகல். முதலாளியே வேண்டுமென்று செய்திருக்க வேண்டும், அல்லது இப்படிப்பட்ட சேதம் வரும் என்று தெரிந்தும் அலட்சியமாக நடந்திருக்க வேண்டும். அதுவும் முதலாளியின் சொந்தச் செயலாக இருக்க வேண்டும். கேப்டன் குடித்தார், தூங்கினார், போன் பார்த்தார் என்று எவ்வளவு நிரூபித்தாலும் அது முதலாளியின் சொந்தச் செயல் ஆகாது. மாலுமியின் கவனக்குறைவு நடக்கும் என்று எதிர்பார்த்துத்தான் அந்த வரம்பையே வைத்திருக்கிறார்கள். அதனால்தான் சொன்னேன், விருந்துக் கதை எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவுக்குக் கம்பெனிக்கு நிம்மதி.

கம்பெனியின் ஆபீசுக்குள் போகும் கேள்விகள் வேறு. மிட்சுயி ஓ.எஸ்.கே. 2020 டிசம்பரில் வெளியிட்ட தகவலிலேயே இவை ஒளிந்திருக்கின்றன. முதலில் தீவிலிருந்து 22 கடல் மைல் தள்ளிப் போவதாகத் திட்டம். விபத்துக்கு இரண்டு நாள் முன்பு அதை 5 மைலாகக் குறைத்தார்கள், மொபைல் எட்டும் தூரத்துக்கு வருவதற்காக. அவ்வளவு பக்கத்தில் போகத் தேவையான விவரமான கடல் வரைபடம் அவர்கள் பயன்பாட்டில் இல்லை. அப்படியானால் அந்த வரைபடம் ஏன் கப்பலுக்குப் போகவில்லை? பாதை மாறியது கரையில் இருக்கும் மேலாளர்களுக்கு ஏன் தெரியவில்லை, அல்லது தெரிந்ததா? இந்தக் கப்பல்கள் சிக்னலுக்காகக் கரையோரம் வருவது அதற்கு முன்பும் வழக்கமா? மாதக் கணக்கில் வீட்டோடு பேச வழியில்லாமல் இருந்தவர்களுக்குக் கப்பலில் என்ன வசதி செய்து கொடுத்திருந்தார்கள்? அது கொரோனா காலம், உலகம் முழுக்க மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் தவித்தார்கள். கப்பலில் வேலை செய்பவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதால் இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு முக்கியம்.

வாடகைக்கு எடுத்த நிறுவனம் சில ஆண்டுகளில் சுமார் 100 கோடி யென் தருவதாக 2020 செப்டம்பரில் அறிவித்தது. அலையாத்திக்கும் பவளத்துக்கும் உள்ளூர் மக்களுக்கும் என்றார்கள். அது நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி வாடகைக்கு எடுத்தவர் பங்கர் உடன்படிக்கையின் பொறுப்பு வளையத்துக்குள் சாதாரணமாக வர மாட்டார். ஆகவே அது தாமாகக் கொடுக்கும் பணம். எவ்வளவு, எதற்கு, எப்போது என்பதைக் கொடுப்பவர் முடிவு செய்வார். இழப்பீடு அப்படி இல்லை, அதைக் கேட்டு வாங்க உரிமை உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் நம் உரிமைதான் மங்கிப்போகும்.

இனி என் மேசைக்கு வரும் பிரச்சினை. பெரிய ஹோட்டலுக்குத் தணிக்கை செய்த கணக்கு இருக்கும். மீனவருக்கு? காலையில் தேபார்க்காதேரில், அதாவது படகுத்துறையில், மீனை இறக்கினதும் பன்யான் என்று நாங்கள் சொல்லும் மீன் வியாபாரி எடுத்துக்கொண்டு கையில் காசு கொடுப்பார், பில் கிடையாது. மாயேபூரில் ஒரு பெரியவர், தோந்தோன் (மாமா) என்றுதான் கூப்பிடுவோம், எண்ணெய் படிந்த வலையைப் பற்றிக் கேட்டபோது, "நாத்தம் தாங்கல, எரிச்சுட்டேன்" என்றார். க்ரியோல் மொழியில்தான் சொன்னார். அந்த வலைதான் அவருடைய சாட்சி. எரிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து, இரண்டு முழம் வெட்டி ஒரு பையில் கட்டி, தேதி போட்டு வைத்திருந்தால் போதும்.

ரிவியேர் தே க்ரியோல் பக்கத்தில் மீன் விற்கும் ஓர் அக்காவிடம் மாதம் எவ்வளவு வியாபாரம் என்று கேட்டேன். "அதை யாரு தம்பி எழுதி வெச்சா? அன்னன்னைக்கு வித்து அன்னன்னைக்குச் சாப்பிட்டோம்." இப்படிச் சொல்பவர்களுக்கு வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். லபுத்திக்கில், அதாவது மளிகைக் கடையில், கடன் கார்னே என்ற கணக்கு நோட்டு இருக்கிறதே, அது அருமையான ஆவணம். வாரா வாரம் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார் என்று கடைக்காரர் கையெழுத்திலேயே இருக்கும். ஆகஸ்ட் வரை ஒழுங்காகக் கட்டிவந்தவர் அதற்குப் பிறகு கட்டவே இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். அதோடு பன்யானின் நோட்டு, அவுட்போர்ட் எஞ்சினுக்கு எண்ணெய் போட்ட ரசீது, பிள்ளைகளின் டியூஷன் பணம் கட்டிய சீட்டு, மீனவர் கார்டு, கெட்ட வானிலைக்கு அரசு தந்த உதவித்தொகையின் பதிவு. ஒவ்வொன்றும் தனியாகச் சிறியது. எல்லாவற்றையும் தேதி வரிசையில் வைத்தால் ஒரு வருமானம் எழுந்து நிற்கும்.

படகில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுபவர்களுக்கு வேறு சிக்கல். 2020 மார்ச்சிலேயே எல்லை மூடியாகிவிட்டது. கொரோனாவால் போன வருமானத்துக்கு எண்ணெய் எப்படிப் பொறுப்பு என்றுதான் மதிப்பீட்டாளர் முதலில் கேட்பார். நியாயமான கேள்விதான். 2019 கணக்கை மட்டும் நீட்டினால் நிற்காது. ஊரடங்கு தளர்ந்த ஜூன், ஜூலையில் உள்ளூர்க் குடும்பங்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும், போனில் வந்த முன்பதிவுச் செய்தி என்றாலும் சரி.

பணம் கொடுக்கும்போது நீட்டும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முழுமையான, இறுதியான தீர்வு என்று ஒரு வரி இருந்தால், அப்புறம் ஐந்து வருடம் கழித்து மீன் வரவில்லை என்று போய் நிற்க முடியாது. பங்கர் உடன்படிக்கையில் வழக்குப் போடச் சேதம் நேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு, எப்படியும் விபத்திலிருந்து ஆறு ஆண்டுதான் அவகாசம். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்று சும்மா இருந்தால் அந்தக் கெடு தானாக நீளாது. இன்னொன்று, காப்பீட்டுக் கழகத்தின் மீது நேரடியாகவே வழக்குப் போடலாம், முதலாளியைத் தேடி ஜப்பானுக்கு அலைய வேண்டியதில்லை.

என்னை மிகவும் உறுத்துவது கார்டு இல்லாதவர்கள் நிலைமை. கடல் வற்றும் நேரத்தில் நடந்து போய்க் கடலோரத்தில் தெக்தெக் என்னும் சிறு சிப்பி பொறுக்கும் பெண்கள், அண்ணன் படகில் கூடப் போகும் தம்பிகள். கடல் மூடிக் கிடந்த மாதங்களில் இவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ஆனால் எந்தப் பதிவேட்டிலும் இவர்கள் பெயர் இல்லை.

இதைத் தமிழகக் கரையிலிருந்து படிப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எண்ணூரில் 2017-ல் இரண்டு கப்பல்கள் மோதியபோது இளைஞர்கள் வாளியால் எண்ணெயை அள்ளியது நினைவிருக்கும். 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியதில் பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரைவரை ஒதுங்கின. இங்கே எங்கள் தீவைச் சுற்றியும் செங்கடல் பிரச்சினைக்குப் பிறகு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகும் கப்பல்கள் கூடியிருக்கின்றன. ஆகவே மீனவர் சங்கங்கள் ஒரு வேலையை இந்த மாதமே தொடங்கலாம். சாதாரண நீள நோட்டு போதும். கார்டு இருக்கிறதோ இல்லையோ, கடலை நம்பிப் பிழைக்கும் ஒவ்வொருவர் பெயரும் அதில் வர வேண்டும். எந்த இடத்தில், எந்த மாதங்களில், என்ன பிடிக்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள் என்று எழுதி, தேதியும் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கங்களைப் போட்டோ எடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.