காற்று வாங்கும் வட்டி

நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் இடையே சுமார் 5,540 கிலோமீட்டர். எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் தூரம் ஒன்றுதான். ஆனால் விமான அட்டவணையைப் பாருங்கள்: லண்டனுக்குப் போக ஏறக்குறைய ஏழு மணி நேரம், திரும்பி வர எட்டு.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதுதான் காரணம் என்று பலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அது உண்மையானால் மேற்கே போகும் விமானத்தை நோக்கி நியூயார்க் தானே ஓடி வரவேண்டும். பயணம் குறைய வேண்டும். நடப்பதோ நேர்மாறு. பூமியோடு சேர்ந்து காற்றுமண்டலமும், அதில் மிதக்கும் விமானமும் சுழல்கின்றன.

சுழற்சி வேறொரு வழியில் விளையாடுகிறது. வெப்பமண்டலத்தில் சூடேறிய காற்று துருவத்தை நோக்கிப் போகும்போது, பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. குளிர்ந்த காற்றும் வெதுவெதுப்பான காற்றும் சந்திக்கும் எல்லையில், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில், அது ஒரு குறுகலான வேக ஆறாக ஓடுகிறது. இதுவே ஜெட் காற்றோட்டம். விமானங்கள் பறக்கும் உயரமும் அதுதான். ஜப்பானில் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்த வானிலையாளர் வாசாபுரோ ஓயிஷி, உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று 1926-இல் தன் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். பாவம், அநேகமாக யாருமே படிக்கவில்லை.

2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது ஒரு போயிங் 747 இந்த ஆற்றில் இறங்கி, நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடத்தில் எட்டியது. தரையிலிருந்து கணக்கிட்டால் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேல். ஆனாலும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போனது; அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது வரும் நட்டமும் சரியாகிவிடும் என்று தோன்றுகிறதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானத்தின் வேகம் மணிக்கு 900, காற்று 150 என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே 1,050 வேகத்தில் 5 மணி 17 நிமிடம். மேற்கே 750 வேகத்தில் 7 மணி 23 நிமிடம். மொத்தம் 12 மணி 40 நிமிடம். காற்றே அடிக்காவிட்டால் போய்வர 12 மணி 19 நிமிடம் போதும். 21 நிமிடம் எங்கே போனது? உதவும் காற்றில் விமானம் குறைந்த நேரமே இருக்கிறது. எதிர்க்கும் காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது. கொடுத்ததை வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும் காற்று இது.

அதனால்தான் அட்லாண்டிக் வான்பாதைகள் நிலையானவை அல்ல. கனடாவின் கேண்டரிலும் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கிலும் உள்ள கட்டுப்பாட்டு மையங்கள் காற்றைப் பார்த்து நாள்தோறும் அவற்றைப் புதிதாக வரைகின்றன. கிழக்கே போகிறவர்களுக்கு ஜெட் காற்றுக்குள்ளேயே பாதை. மேற்கே வருகிறவர்களை அதிலிருந்து விலக்கி, பெரும்பாலும் வடக்கே அனுப்புகிறார்கள். தூரம் சில நூறு கிலோமீட்டர் கூடும். ஆனாலும் நேரம் மிஞ்சும்.