ஒரு கட்டைவிரல் 20 ஷில்லிங்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட ஏதல்பெர்ட் மன்னர் 600-ஆம் ஆண்டை ஒட்டிப் போட்ட சட்டத்தைப் படித்தால், ஏதோ கடையின் விலைப்பட்டியலைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். ஒருவனுடைய கட்டைவிரலைத் துண்டித்தால் 20 ஷில்லிங். கட்டைவிரல் நகம் மட்டும் போனால் 3. நடுவிரலுக்கு 4, மோதிர விரலுக்கு 6, சுண்டுவிரலுக்கு 11. மோதிர விரலைச் சட்டம் ‘தங்க விரல்’ என்று அழகாகச் சொல்கிறது. விலையில் மட்டும் சுண்டுவிரல் அதை முந்திவிட்டது. சாதாரண ஆளைக் கொன்றால் 100 ஷில்லிங்.

உயிருக்குக் கொடுக்கும் இந்தப் பணத்துக்குப் பெயர் ‘வெர்கில்ட்’. ‘வெர்’ என்றால் ஆள், ‘கில்ட்’ என்றால் கட்டும் தொகை. அடிபட்டவனுக்குப் போகும் ஈட்டுத்தொகை ‘போட்’. அரசனுக்குப் போகும் அபராதம் ‘வீட்டெ’. ‘போட்’ இன்னும் சாகவில்லை. “அது போதாதென்று இதுவும்” என்ற பொருளில் ஆங்கிலத்தில் ‘டு பூட்’ என்று முடிப்பார்களே, அந்த ‘பூட்’ இதுதான். காலில் மாட்டுகிற பூட்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்தக் கணக்குப் பழக்கம் குற்றத்தைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘ஷில்ட்’ என்றால் குற்றம்; கடன் என்றும் பொருள். ஜெர்மனில் ‘ஷுல்ட்’ இன்றைக்கும் இரண்டையும் சுமக்கிறது. பள்ளிக்கூடத்தில் எதிர்காலம் காட்டப் படித்த ‘ஷால்’ இதே குடும்பம்தான். அதன் ஆதிப் பொருள் ‘கடன்பட்டிருக்கிறேன்’ என்பது. நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. கடனிலிருந்துதானே நாமும் கடமைக்குப் போனோம்?

இன்று எல்லோருக்கும் தெரிந்த ‘கில்ட்டி’யின் வேர் வேறு சொல். குற்றம் என்ற பொருளில் ‘கில்ட்’ பழைய ஆங்கிலத்தில் உண்டு. பணம் கட்டுவதைக் குறிக்கும் ‘கில்ட்’டோடு இதைச் சேர்த்துவிட யாருக்கும் ஆசை வரும். ஆனால் சொற்களில் உயிரொலிகள் மாறும் விதத்தைப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. மற்ற ஜெர்மானிய மொழிகளிலும் இதற்கு உடன்பிறப்பு கிடையாது. ஊர் பேர் தெரியாத இந்தச் சொல் நிலைத்தது. பெரிய குடும்பத்துப் பிள்ளையான ‘ஷில்ட்’ ஆங்கிலத்திலிருந்து போய்விட்டது.

ஒரே ஜெபத்தின் ஒரே வரியில் இந்த இழுபறியைப் பார்க்கலாம். இயேசு கற்பித்த ஜெபத்தின் மன்னிப்பு வரி 1000-ஆம் ஆண்டை ஒட்டிய பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் “எங்கள் கில்ட்டுகளை மன்னியும்” என்று வருகிறது. 1380-களில் விக்ளிஃப் பெயரால் வந்த பைபிளில் அது கடன். 1526-இல் டிண்டேல் தன் பைபிள் மொழிபெயர்ப்பில் போட்டது ‘டிரெஸ்பாஸ்’, அதாவது வரம்பு தாண்டுதல். தமிழிலும் இதே கதைதான்: பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்கிறார், கோயிலில் ஜெபமாகச் சொல்லும்போது பலர் “எங்கள் குற்றங்களை” என்கிறார்கள்.

‘டிரெஸ்பாஸ்’ 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுவழி வந்த சொல். ‘கிரைம்’, ‘பனிஷ்’, ‘பிரிசன்’ எல்லாம் அப்படித்தான். அபராதத்துக்கான ‘ஃபைன்’ லத்தீனின் ‘முடிவு’ என்ற சொல்லிலிருந்து வந்தது. விவகாரத்தை முடித்துக்கொள்ளக் கொடுத்த காசு, அவ்வளவுதான். அதற்கு முன்பே வைக்கிங்குகள் வழியாக வந்து சேர்ந்தது ‘ராங்’. அதன் பழைய பொருள் கோணல்.

சரி, குற்றம் வெறும் கடன் என்றால், தெரியாமல் செய்தவனும் கட்ட வேண்டுமா? கட்டத்தான் வேண்டும் என்பது பழைய நியாயம். 1115 வாக்கில் லத்தீனில் தொகுத்த ‘முதலாம் ஹென்றியின் சட்டங்கள்’, “அறியாமல் பாவம் செய்தவன் அறிந்து ஈடு செய்யட்டும்” என்கிறது. அதே தொகுப்பின் இன்னொரு பக்கத்திலோ, மனம் குற்றமுள்ளதாக இருந்தாலொழிய ஆள் குற்றவாளி ஆகமாட்டான் என்ற கருத்தும் எட்டிப்பார்க்கிறது. இரண்டும் மோதும் இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கு ஒன்று உண்டு. மரத்திலிருந்து ஒருவன் தவறி விழ, கீழே நின்றவன் செத்துப்போகிறான். விழுந்தவன் வேண்டுமென்று செய்யவில்லை என்று நிரூபித்தால் விட்டுவிட வேண்டும். செத்தவனின் உறவினர் பழிவாங்கியே தீருவேன் என்று அடம்பிடித்தால்? அவரும் அதே மாதிரி மரமேறி இவன்மேல் விழுந்துகொள்ளலாம் என்கிறது சட்டம். எழுதியவருக்குக் குசும்பு கொஞ்சம் அதிகம்.

மனம் கணக்கில் சேர்ந்துவிட்டால் அதன் வலிக்கும் சொல் வேண்டும். கான்டர்பரி மடாலயத் துறவி மைக்கேல் ஒரு பிரெஞ்சு நூலை மொழிபெயர்த்து, 1340 அக்டோபர் 27-ஆம் தேதி முடித்தார். தலைப்பு: ‘அயன்பைட் ஆஃப் இன்விட்’. செய்த தவறை நினைத்து மனம் வருந்துவதைக் குறிக்கும், பிரெஞ்சு வழி வந்த ‘ரிமோர்ஸ்’ என்ற சொல்லின் லத்தீன் மூலத்தைப் பிரித்தால் ‘மறுபடி’, ‘கடி’. அதை அப்படியே சொந்த ஆங்கிலத்தில் ஒட்டவைத்தார்: ‘அயன்’ மறுபடி, ‘பைட்’ கடி. ‘இன்விட்’ உள்ளறிவு, அதாவது மனசாட்சி. எவ்வளவு கச்சிதமான சொல்! ஆனால் ஓடவில்லை. அதே நூற்றாண்டில் ‘மனசாட்சியின் குத்தல்’ என்ற தலைப்பில் வந்த நெடுங்கவிதைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கைப்பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன. மைக்கேலின் நூலுக்கு இருப்பது ஒன்றே ஒன்று, அவரே தன் கையால் எழுதியது. அது இப்போது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.