கூண்டில் வைத்துப் பார்த்த வௌவாலுக்குத் தொற்று இல்லை என்று சொல்லலாமா?

வடசென்னையின் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு பகுதிகளில் காத்தாடி விடும் காலம் வந்தால், தடைசெய்யப்பட்ட மாஞ்சா நூலில் இறக்கை கிழிந்த பழந்தின்னி வௌவால்கள் கால்நடை மருத்துவர்களான எங்களிடம் வந்து சேர்கின்றன. துண்டில் சுற்றித் தூக்கி வரும் இளைஞர்களின் இரக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால், "பத்து நாளா கூண்டுல வச்சுப் பாத்துட்டோம் டாக்டர், நல்லாத்தான் தின்னுது, நாங்களே வளத்துக்குறோம்" என்று அவர்கள் சொல்லும்போது கவலை வருகிறது.

பத்து நாள் கணக்கு நாய்க்கு உரியது. உமிழ்நீரில் ரேபிஸ் வைரஸ் வெளிப்படும் நாய் அந்த அவகாசத்துக்குள் நோயுற்றோ இறந்தோ போகும் என்பதே அதன் அடிப்படை. வௌவாலின் உடலோ பல வைரஸ்களைக் கடுமையான அழற்சியின்றித் தாங்கிக்கொள்வதால், மனிதருக்குப் பரவினால் உயிரைப் பறிக்கக்கூடிய நிபா வைரஸ் தொற்றுள்ள வௌவால்கூடக் கொய்யாப்பழத்தை ஆவலோடு தின்னும்.

நாள் கடந்தால் தொற்று நீங்கிவிடும் என்பதற்கும் உறுதியில்லை. மலேசியாவில் அடைத்து வைத்துக் கண்காணிக்கப்பட்ட பெரிய பழந்தின்னி வௌவால்களில் ஒன்றிடம், முன்பு அடங்கியிருந்த நிபா தொற்று பல மாதங்களுக்குப் பின் மீண்டும் தலைதூக்கியதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. கானாவின் அக்ராவில் வெளி வௌவால்களோடு கலக்காமல் பராமரிக்கப்பட்ட கூட்டத்திலோ, கூண்டிலேயே பிறந்தவற்றிடமும் நிபாவுக்கு உறவான வைரஸுக்கு எதிர்ப்பொருள் (வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) உருவானது; அதாவது, தொற்று கூண்டுக்குள்ளேயே நீடித்திருக்கிறது. பட்டினி, காயம், நெரிசல், கர்ப்பம் போன்ற நெருக்கடிகள் வைரஸ் வெளியேறுவதைத் தூண்டக்கூடும் என்று கருதப்படுகிறது. மாஞ்சாவில் அறுபட்டுக் கூண்டில் கிடக்கும் வௌவாலுக்கு இவற்றில் பாதி ஏற்கெனவே வாய்த்திருக்கிறது.

தமிழ்நாட்டு வௌவால்களிலும் நிபா எதிர்ப்பொருள் இருப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு காட்டியுள்ளது. எதிர்ப்பொருள் என்பது தொற்று நேர்ந்ததன் தடயமே. அதற்காக மரத்தில் தொங்கும் கூட்டத்தைக் கல்லெறிந்து கலைப்பது வீண்வேலை மட்டுமல்ல, அவற்றுக்கு மேலும் நெருக்கடி தருவதுமாகும்.

நிபாவை மட்டும் பார்த்தால் போதாது. நம் ஊரில் பறக்கும் அதே இனப் பழந்தின்னி வௌவாலில், இலங்கையின் கன்னொறுவையில், ரேபிஸ் குடும்பத்தைச் சேர்ந்த லிசாவைரஸ் கண்டறியப்பட்டிருக்கிறது. வௌவாலின் பல்தடம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருக்கலாம் என்பதால், வெறுங்கையால் தொட்டவர்கள் காயமில்லை என்று தாமே முடிவுசெய்யாமல், அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குச் சென்று, தொட்டது வௌவால் என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடிபட்ட வௌவாலைக் கண்டால் தொடாமல், மேலே ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.